வால்பாறை மலைப்பாதையின் 40 வளைவு இறங்கும் முன்

ஆறு வருடம் உழைத்த லேப்டாப்பைப் பொள்ளாச்சிக் கடையில் கொடுத்துவிட்டுப் புதிது வாங்கப் போகிறேன். போட்டோ, ஆதார் நகல், பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாம் டெலீட் செய்து ரீசைக்கிள் பின்னையும் காலி செய்துவிட்டேன். போதுமா?
– வாசகி, வால்பாறை

போதாதுங்க. டெலீட் செய்தால் ஃபைல் அழிவதில்லை. ‘இந்த இடம் காலி’ என்று கம்ப்யூட்டர் குறித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். அதன்மேல் வேறொன்று எழுதப்படும்வரை இலவச மென்பொருளே பல சமயம் மீட்டுவிடும். அமெரிக்காவின் எம்.ஐ.டி. மாணவர்கள் இருவர் 158 பழைய ஹார்ட் டிஸ்க்குகளை வாங்கிக் குடைந்து, 2003இல் கட்டுரை எழுதினார்கள். 5,000க்கும் அதிகமான கிரெடிட் கார்டு எண்கள் சிக்கின!

வேண்டியதையெல்லாம் வெளி டிஸ்க்கில் காப்பி எடுத்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் 10, 11 என்றால் செட்டிங்ஸில் ‘ரீசெட் திஸ் பிசி’, அதில் ‘ரிமூவ் எவ்ரிதிங்’. அடுத்து எல்லோரும் அவசரமாக ‘நெக்ஸ்ட்’ அமுக்கிவிடுவார்கள். நீங்கள் ‘சேஞ்ச் செட்டிங்ஸ்’ திறந்து ‘கிளீன் டேட்டா’வை ஆன் செய்யுங்கள். டி டிரைவ் இருந்தால் எல்லா டிரைவையும் அழிக்கச் சொல்லுங்கள். குடும்பப் போட்டோக்கள் பெரும்பாலும் அங்கேதான் குடியிருக்கும். பல மணி நேரம் ஓடும், சார்ஜர் செருகியே இருக்கட்டும். கரண்ட் போகாத நாளாகப் பாருங்கள் (உங்கள் ஊர் மழையில் அது கஷ்டம்தான்!).

ஆன் ஆகாத லேப்டாப் என்றால் டிஸ்க்கைக் கழற்றி வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் கொஞ்சம் விலை குறைப்பார், குறைக்கட்டும்.