வாலைப் பிடித்துச் சொல் தேடும் பிள்ளைகளுக்கு

பின்னேரத் தேத்தண்ணி நேரத்தில் எங்கள் விறாந்தைக்கு நாலைந்து பிள்ளைகள் போனும் கையுமாக வருவார்கள். ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல்லை ஆறு தடவைக்குள் பிடிக்க வேண்டிய அந்த ‘வேர்டில்’ விளையாட்டுத்தான். “சேர், ஐந்தெழுத்து, கடைசி வை, ஒரு சொல் சொல்லுங்கோ” என்பார்கள். முப்பது வருடம் ஆங்கிலம் படிப்பித்தவனுக்கு ஓய்விலும் விடுதலை இல்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்லிக் களைத்துவிட்டேன். இனி எல்லோரும் இதை வாசியுங்கள்.

1. முதலில் ஒரு கொப்பி வாங்குங்கள். எங்கள் மண்ணில் அகராதிக்குக் குறைவில்லை. 1842இல் வந்த மானிப்பாய் அகராதியில் 58,500 சொற்கள். இங்கே நைற் பாதிரியார் தொடங்கிய வேலையை உவின்சிலோ முடித்து 1862இல் வெளியிட்ட தமிழ்-ஆங்கில அகராதியில் 67,000க்கு மேல். இரண்டிலும் தலையெழுத்துத் தெரிந்தால்தான் உள்ளே போகலாம். உங்கள் கையில் இருப்பதோ வால். ஆகவே கடைசி எழுத்துக்கு ஒரு பக்கம் என்று நீங்களே ஒன்று எழுத வேண்டும். தொண்ணூறுகளில் மின்சாரம் இல்லாத இரவுகளில், ஜாம் போத்தில் விளக்குக்கு முன்னால், பழைய வினாத்தாள்களின் பின்பக்கத்தில் நான் அப்படித்தான் எழுதினேன். கடதாசியும் அரிது, மண்ணெண்ணெயும் அரிது. அதனால் ஒரு சொல்லை இரண்டு தரம் எழுதமாட்டேன். அன்றைக்கு எழுதியது இன்றைக்கும் மறக்கவில்லை.

2. எந்த வால் மலிவு என்று தெரிந்திருங்கள். இந்த விளையாட்டின் விடைகளில் ஈ-யில் முடிவது அதிகம். அடுத்தது வை, அதன் பிறகு ரி, ஆர். எஸ்ஸை மட்டும் நம்பாதீர்கள். ஜோஷ் வார்டில் தன் துணைவிக்காகச் செய்த விளையாட்டு இது; 2021 ஒக்டோபரில் ஊருக்குத் திறந்துவிட்டார். பன்னிரண்டாயிரம் சொற்களுக்குள் இருந்து ஏறத்தாழ 2,300ஐ விடைகளாகப் பொறுக்கியவர் அந்தத் துணைவிதான். சும்மா எஸ் ஒட்டிய பன்மைகளை அந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. ஊகிக்கப் போடலாம், விடையாக வராது.

3. எந்த எழுத்து வாலாக வராது என்பதையும் படியுங்கள். ஆங்கிலச் சொல் வி-யில் முடியக் கூச்சப்படும். ‘ஹாவ்’, ‘கிவ்’, ‘லவ்’ மூன்றிலும் வி-க்குப் பின்னால் ஓர் ஊமை ஈ நிற்பது அதனால்தான். நாலாம் கட்டத்தில் வி விழுந்தால் ஐந்தாவதற்கு ஈ-யையே முதலில் நினையுங்கள்.

இது ஆங்கிலத்தின் விசித்திரம் என்று சிரிக்க வேண்டாம். வகர மெய்யில் முடிய எங்கள் தமிழும் கூசும். அவ், இவ், உவ், தெவ் என்று நாலே நாலு சொல்தான் இலக்கணக்காரருக்கு அகப்பட்டன. தமிழ்ச் சொல்லின் கடைசியில் நிற்கக்கூடியவை 24 எழுத்து என்று நன்னூல் எண்ணியே வைத்திருக்கிறது. அந்நியச் சொல் வந்தாலும் வாலைத் திருத்தித்தான் உள்ளே விட்டோம். போர்த்துக்கேயரின் ‘கதெய்ரா’ கதிரையானது, ‘சப்பாத்து’க்கு உகரம் கிடைத்தது. ஒல்லாந்தரின் ‘கந்தோர்’ மட்டும் ரகர மெய்யில் முடிந்ததால் வந்த கோலத்திலேயே குடியேறிவிட்டது.

4. ஐ-ஜி-எச்-ரி என்ற வாலைக் கண்டால் சந்தோஷப்படாதீர்கள். நாலு கட்டம் பச்சையாகிவிட்டது, ஒன்றுதானே மிச்சம் என்று துள்ளுகிறவர்கள்தான் தோற்கிறார்கள். ஐந்தெழுத்தில் இந்த வாலோடு வெளிச்சம் இருக்கிறது, இரவு இருக்கிறது, சரி, சண்டை, வலிமை, பார்வை, இறுக்கம், எட்டு என்று பழக்கமான எட்டுச் சொற்கள். (எட்டாவது சொல்லே ‘எட்டு’.) இரண்டாம் தடவையில் வால் கிடைத்தால் மிச்சம் நாலு தடவைதான். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால் பாதி நாள் கை நழுவும்.

செய்ய வேண்டியது இதுதான். விடை அல்ல என்று தெரிந்தே ‘ஃபிலிம்ஸ்’ என்று போடுங்கள். எஃப், எல், எம், எஸ் நாலும் ஒரே அடியில் சோதனையாகிவிடும். ஒன்றில் நிறம் வந்தால் அதுவே தலை. ஒன்றும் வராவிட்டால் இரவு, சரி, இறுக்கம், எட்டு மட்டும் மிச்சம். அடுத்து என், ஆர், ஈ மூன்றும் உள்ள ‘இன்னர்’ போடுங்கள். அந்த மூன்றிலும் நிறம் இல்லையென்றால் ‘இறுக்கம்’. ஐந்தாம் தடவைக்குள் கதை முடியும். ஒரு தடவையை வேண்டுமென்றே வீணாக்க மனம் வராது என்பது எனக்குத் தெரியும். கடினமுறையில் விளையாடுகிற வீரர்களுக்கு இந்த வழி இல்லை; அவர்கள் பாடு அவர்களோடு.

அந்த ஊமை ஜி-எச் ஒரு காலத்தில் தொண்டையில் ஒலித்தது. ஜேர்மனியில் இருக்கிற மாமாவுக்குப் போன் எடுத்து இரவு, வெளிச்சம், எட்டு என்பவற்றைச் சொல்லச் சொல்லுங்கள். ‘நாஹ்ற்’, ‘லிஹ்ற்’, ‘ஆஹ்ற்’ என்பார். நாங்கள் டிக்டேசனில் சும்மா மனப்பாடம் செய்த எழுத்தை அவர்கள் இன்னமும் உச்சரிக்கிறார்கள்.

5. பிரித்தானிய எழுத்துக்கூட்டலில் படித்தவர்கள் நாங்கள். ‘ஹியூமர்’ எங்களுக்கு ஆறெழுத்து. அமெரிக்கர் யூ-வைக் கழித்து ஐந்தாக்குவார்கள். விளையாட்டை நியூயோர்க் ரைம்ஸ் வாங்கிய கையோடு, 2022 பெப்ரவரியில், அதுவே விடையாக வந்தது. வாயில் வந்த திட்டை இங்கே எழுத முடியாது.

6. நீளமும் வாலும் பார்த்துச் சொல் பொறுக்குவதை வெள்ளைக்காரன் விளையாட்டு என்று வீட்டில் யாராவது குறை சொன்னால் தொல்காப்பியத்தைக் காட்டுங்கள். நிலம் நிலன் ஆகும், கலம் கலன் ஆகும். அப்படி மகரத்தோடு மாறாமல் னகரத்திலேயே நிற்கும் சொற்கள் ஒன்பது என்று அதில் கணக்கு இருக்கிறது. உரைகாரர் காட்டுகிற எகின், செகின், விழன், பயின், குயின், அழன், புழன், கடான், வயான் எல்லாவற்றையும் விரல்விட்டு எண்ணுங்கள். எல்லாம் மூன்றெழுத்து, எல்லாம் ஒரே வால். குயின் என்றதும் இராணியை நினைக்காதீர்கள், அது மேகம். எழுத்ததிகாரத்தைப் புன்னாலைக்கட்டுவன் கணேசையரின் குறிப்புகளோடு 1937இல் சுன்னாகம் திருமகள் அழுத்தகத்தில் ஈழகேசரி பொன்னையா அச்சிட்டார். நீங்கள் பஸ் ஏறுகிற அதே சுன்னாகம்தான்.

7. விடை கிடைத்ததும் விறாந்தையில் நின்று கத்த வேண்டாம். நான் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் விளையாடுகிறேன்.