ஓட்டினுள் ஒரு காவல்: கடலாமையின் நோய் எதிர்ப்பாற்றல்

முன்னுரை

தமிழ் இலக்கியம் ஆமையை நெடுங்காலமாக அறியும். ஐம்புலன் அடக்கத்திற்கு உவமை தேடிய திருவள்ளுவர், தன் உறுப்புகளை ஓட்டினுள் ஒடுக்கிக்கொள்ளும் ஆமையையே சுட்டினார். குளத்து ஆமைக்கும் நிலத்து ஆமைக்கும் அவ்வுவமை முற்றிலும் பொருந்தும். கடலாமையின் நிலையோ வேறு. நீந்துவதற்கேற்பத் துடுப்புகளாக மாறிவிட்ட கால்களையும் தலையையும் அதனால் உள்ளிழுத்துக்கொள்ள இயலாது. ஓடு காக்காத அவ்வுறுப்புகளோடு, நோய்க்கிருமிகள் நிறைந்த கடலில் அது பல்லாண்டுகள் வாழ்கிறது. அவ்வாறாயின் அதனைக் காப்பது எது? கண்ணுக்குப் புலப்படாத அந்த உட்காவலை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சங்கப் புலவர் கண்ட காட்சி

அகநானூற்றின் 160ஆம் பாடலில் குமுழிஞாழலார் நப்பசலையார் ஒரு நெய்தல் காட்சியைத் தீட்டுகிறார். நிறைசூல் கொண்ட ஆமை, அடும்பங்கொடி படர்ந்த வெண்மணல் மேட்டில் முட்டைகளை மறைத்துப் புதைக்கிறது. குஞ்சுகள் வெளிப்படும் வரை ஆண் ஆமை அவற்றைக் காத்து நிற்கிறது. மணலில் முட்டை புதைக்கும் செய்தி இன்றைய உயிரியலோடு அப்படியே ஒத்துப்போகிறது. ஆண் ஆமை காக்கும் செய்தியைப் புலவரின் அன்புள்ளம் சேர்த்தது என்றே கொள்ள வேண்டும். நம் கரைக்கு வரும் பங்குனி ஆமையில் ஆண் கரையேறுவதே இல்லை; பெண்ணும் முட்டையிட்ட இரவே கடலுக்குத் திரும்பிவிடுகிறது.

எனினும் முட்டைகள் காவலின்றி விடப்படுவதில்லை. தமிழகக் கரையில் சனவரி முதல் ஏப்ரல் வரை, ஒரு குழிக்கு ஏறத்தாழ நூறு முட்டைகள் இடப்படுகின்றன. ஈரமும் வெம்மையும் கலந்த மணலில் அவை 45 முதல் 60 நாள்கள் வரை கிடக்கின்றன. பூஞ்சைக்கும் பாக்டீரியாவுக்கும் இதைவிட ஏற்ற இடம் வேறில்லை. புசேரியம் என்னும் பூஞ்சை பல நாட்டுக் கரைகளில் ஆமை முட்டைகளை அழித்து வருகிறது. இத்தகைய பகைக்கு எதிராகத் தாய் தன் காவலை முட்டைக்குள்ளேயே வைத்துச் செல்கிறது. கடலாமை முட்டையின் வெண்கருவிலுள்ள ஒரு சிறு புரதம் பாக்டீரியாக்களை அழிக்கிறது என்றும், மனிதரைத் தாக்கும் சந்திப்புரா நச்சுயிரியையும் தடுக்கிறது என்றும் கொல்கத்தா அறிவியலார் 2006ஆம் ஆண்டு வெளியிட்டனர். புலவர் ஆண் ஆமையிடம் கண்ட காவலை அறிவியல் முட்டையின் வெண்கருவில் கண்டது எனலாம்.

இருவகைப் படை

வளர்ந்த ஆமையின் எதிர்ப்பாற்றல் இருவகைப்படும். முதலாவது, பிறவியிலேயே அமைந்த பொது எதிர்ப்பு. தடித்த தோல், குருதியில் உலவும் வெள்ளணுக்கள், கிருமியின் உறையைத் துளைக்கும் புரதங்கள் ஆகியவை இதில் அடங்கும். வந்த பகைவன் யார் என்று ஆராயாமல் உடனே தாக்குவது இப்படையின் இயல்பு. ஹெட்டரோஃபில் என்னும் வெள்ளணுக்கள் இதன் முன்னணி வீரர்கள்.

இரண்டாவது, பகைவனை இனங்கண்டு தாக்கும் சிறப்பு எதிர்ப்பு. தைமஸ் சுரப்பியும் மண்ணீரலும் இதற்குத் துணை நிற்கின்றன. நமக்குள்ளவை போன்ற நிணநீர் முடிச்சுகள் ஆமைக்கு இல்லை. கிருமிக்கேற்ற எதிர்ப்பொருளை அதன் உடல் உண்டாக்கும். ஆனால் மெதுவாகவே உண்டாக்கும். பாலூட்டிகளில் ஓரிரு வாரங்களில் நிகழ்வது ஆமையில் பல வாரங்கள், சில வேளைகளில் மாதங்கள்கூட ஆகும். ஆதலால் ஆமை பெரிதும் நம்பியிருப்பது முதற்படையையே.

வெப்பமே திறவுகோல்

ஆமை தன் உடல் வெப்பத்தைப் பெரும்பாலும் சுற்றுப்புறத்திலிருந்தே பெறுகிறது. நீர் குளிர்ந்தால் வெள்ளணுக்களின் இயக்கமும் எதிர்ப்பொருள் உண்டாகும் வேகமும் தளர்கின்றன. அமெரிக்காவின் வடகிழக்குக் கரையில் குளிர்காலத் தொடக்கத்தில் கடல்நீர் 10 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கும்போது, ஆமைகள் விறைத்துக் கரையொதுங்குகின்றன. மீட்கப்பட்டவற்றுள் பல நுரையீரல் அழற்சியால் துன்புறுவதை மருத்துவர்கள் காண்கின்றனர். குளிர் அவற்றின் காவலரை உறங்கச் செய்துவிடுகிறது.

கழலை நோய் கூறும் பாடம்

1938ஆம் ஆண்டு, நியூயார்க் மீன் காட்சியகத்தைச் சார்ந்த ஸ்மித், கோட்ஸ் என்னும் இருவர், பேராமையின் உடலில் காணப்பட்ட கழலைகளைப் பற்றி எழுதினர். இன்று உலகின் பல கடல்களில் காணப்படும் இந்நோயோடு ஹெர்ப்பிஸ் குடும்பத்து நச்சுயிரி ஒன்று தொடர்புடையது என அறியப்பட்டுள்ளது. கழலைகள் பெரும்பாலும் புற்றாக மாறுவதில்லை. ஆயினும் கண்ணையும் வாயையும் மூடி, இரை தேட இயலாமல் செய்துவிடுகின்றன.

இங்கே நாம் உற்றுநோக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. அந்நச்சுயிரி உடலில் இருந்தும் கழலை தோன்றாத ஆமைகள் பல. தோன்றிய கழலை தானே சுருங்கி மறைந்த ஆமைகளும் உள. ஆகவே கிருமி மட்டும் நோயாவதில்லை. உடலின் காவல் தளரும்போதே அது நோயாகிறது. இந்நோய் கழிவும் உரச்சத்தும் கலந்த கரையோர நீர்நிலைகளில் மிகுதியாகக் காணப்படுவது இக்கருத்துக்கு அரண் செய்கிறது. பூச்சிமருந்து எச்சங்களும் கன உலோகங்களும் ஆமையின் வெள்ளணுக்களைப் பாதிப்பதை ஆய்வுகள் உணர்த்துகின்றன. நீடித்த துன்பத்தில் ஊறும் கார்ட்டிகோஸ்டிரோன் என்னும் சுரப்புநீரும் எதிர்ப்பாற்றலை ஒடுக்குகிறது.

கீழப்பாவூரும் கடலும்

கீழப்பாவூரில் நின்றால் கடல் தெரியாது. கடலாமையைக் கண்டவரும் இங்குச் சிலரே. நமக்கும் அதற்கும் என்ன உறவு என்று மாணவர் வினவலாம். குற்றால மலையில் பிறக்கும் சிற்றாறு நம் பகுதி வயல்களை வாழவைத்துச் சீவலப்பேரி அருகே தாமிரபரணியில் கலக்கிறது. தாமிரபரணி புன்னைக்காயலில் மன்னார் வளைகுடாவை அடைகிறது. அவ்வளைகுடாவின் 21 தீவுகளைச் சூழ்ந்த கடற்பகுதி 1986ஆம் ஆண்டு கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பெற்றது. அங்குள்ள கடற்புல் வெளிகளே பேராமையின் மேய்ச்சல் நிலம்.

பாவூர்சத்திரச் சந்தைக்குச் செல்லும் காய்களுக்காக நாம் தெளிக்கும் மருந்தும், வயலில் இடும் உரமும், குற்றாலத்தில் குளிப்போர் விட்டுச்செல்லும் நெகிழிப் பைகளும் மழைவெள்ளத்தோடு இவ்வழியே பயணம் செய்யக்கூடும். அளவறிந்து உரமிடும் உழவரும், ஓடையில் குப்பை கொட்டாத இல்லத்தாரும் தாம் அறியாமலே ஓர் ஆமையின் வெள்ளணுக்களுக்குத் துணை நிற்கின்றனர்.

முடிவுரை

கடலாமைக்கு 1977 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணை புறக்காவலாய் நிற்கிறது. இயற்கை தந்த எதிர்ப்பாற்றல் அகக்காவலாய் நிற்கிறது. ஆயினும் 2025 சனவரியில் சென்னையை ஒட்டிய கரைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்குனி ஆமைகள் இறந்தொதுங்கின. உடற்கூறு ஆய்வில், வலையில் சிக்கி மூச்சுத்திணறி அவை மாண்டன என்று கண்டறியப்பட்டது. நோயை வெல்லும் உடலால் மனிதரின் வலையை வெல்ல முடியவில்லை.

நப்பசலையார் காட்டிய ஆண் ஆமையின் காவல் இயற்கையில் இல்லாமல் இருக்கலாம். அக்காவலை ஏற்கும் அறிவும் பொறுப்பும் மனிதருக்கு உண்டு. அதற்குக் கடற்கரையில் வாழ வேண்டுவதில்லை. சிற்றாற்றங்கரையில் வாழ்ந்தாலே போதும்.