ஊசி பட்டால் பரவுமா?

நுரையீரலில் பயாப்சி எடுக்க வேண்டும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்த அன்றைக்கே வீட்டுக்குள் இன்னொரு மருத்துவக் குழு கூடிவிடுகிறது. ஒன்றுவிட்ட அண்ணன், எதிர்வீட்டு அக்கா, வாட்ஸ்அப்பில் ரிட்டையரான மாமா. அவர்கள் சொன்னதையெல்லாம் பகலில் கேட்டுக்கொண்டிருந்தவர், ராத்திரி விளக்கை அணைத்த பிறகு பக்கத்தில் படுத்திருக்கும் கணவனிடமோ மனைவியிடமோதான் கேட்பார். அப்போது சொல்வதற்குச் சரியான பதில் கையில் இருப்பதுதான், என்னைக் கேட்டால், பாதித் துணை.

“கட்டியில ஊசி பட்டா உடம்பெல்லாம் பரவிடுமாம்.”

இருப்பதிலேயே ஆழமாக வேரோடிய நம்பிக்கை இதுதான். ஆதாரத்துக்கும் ஆள் இருக்கும்: “எங்க சித்தப்பாவுக்கு ஊசி போட்டாங்க, ஆறே மாசம்.” சித்தப்பா போனது உண்மைதான். ஆனால் அவர் பயாப்சிக்குப் போகும்போதே நோய் முற்றியிருக்கலாம் என்பதை யாரும் சொல்வதில்லை. ஊசி முதலில், சாவு பின்னால்; பழி ஊசிமேல் விழுந்துவிடுகிறது. ஊசி போன பாதையில் புற்றுச் செல்கள் ஒட்டி வளர்ந்ததாக மருத்துவப் பதிவுகள் உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவு. அதையும் தவிர்க்கப் பல இடங்களில் வெளி ஊசி ஒன்றை நிறுத்தி, அதன் துளை வழியாகவே உள் ஊசியை விட்டுத் திசுவை எடுக்கிறார்கள்.

“இவ்வளவு செலவு பண்ணி பெட் ஸ்கேன் எடுத்தோமே, அதுலயே தெரியாதா?”

தெரியாது. சர்க்கரையை வேகமாக உறிஞ்சும் இடம் அந்த ஸ்கேனில் பளிச்சென்று தெரியும். புற்றுக்கட்டி அப்படி உறிஞ்சும். காசநோய்க் கட்டியும் அப்படியே உறிஞ்சும். டிபி இவ்வளவு பரவலாக உள்ள நம் நாட்டில் இது சின்ன விஷயம் இல்லை. புற்றுநோய் இருப்பவர் மாதக்கணக்கில் டிபி மாத்திரை சாப்பிட்டு நாளைக் கடத்திய கதைகள் இங்கே ஏராளம். பயாப்சி என்றாலே கேன்சர்தான் என்ற முடிவும் இதே காரணத்தால் தவறு: காசநோய், பூஞ்சைத் தொற்று, சார்காய்டோசிஸ் என்று பதில் எதுவாகவும் இருக்கலாம். அதற்காக “கேன்சரா இருக்கவே இருக்காது” என்று சத்தியம் செய்து கொடுக்காதீர்கள். அது உங்கள் கையில் இல்லாத பொருள்.

“தைரியமா இருங்க, ஒண்ணும் ஆகாது.”

இதைச் சொன்னால் பயம் போய்விடும் என்பதும் ஒரு நம்பிக்கைதான். சொன்னவருக்கு மனம் லேசாகும். கேட்டவருக்கு, இனி இதைப் பற்றிப் பேசக் கூடாது போலிருக்கிறது என்று தோன்றும். “எதை நினைச்சா பயமா இருக்கு?” என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பதில் சாவைப் பற்றி இருக்காது. ஊசி வலிக்குமா, நடுவில் இருமல் வந்தால் என்ன செய்வது, அந்த மெஷினுக்குள் மூச்சு முட்டுமா என்று சில்லறைச் சில்லறையாக வரும். இவற்றுக்கெல்லாம் பதில் உண்டு. தோலை மரத்துப்போகச் செய்யும் ஊசி போடும்போது சுருக்கென்று இருக்கும். அதன் பிறகு பெரும்பாலும் அழுத்தம்தான் தெரியும். ஊசிக்கு வழிகாட்டும் சி.டி. மெஷின் நீண்ட குகை இல்லை, அகலமான வளையம். ஓயாத இருமல் இருந்தால் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

வீட்டிலேயே இருவரும் செய்யக்கூடிய வேலை ஒன்றும் இருக்கிறது. மூச்சு விடும்போது நுரையீரலோடு கட்டியும் மேலும் கீழும் நகரும். அதனால் ஊசியை நகர்த்தும் ஒவ்வொரு முறையும் ஒரே அளவில் மூச்சை நிறுத்தச் சொல்வார்கள். கட்டிலில் அசையாமல் படுத்து, “இழுங்க… பிடிங்க… விடுங்க” என்று நீங்கள் சொல்ல அவர் பழகட்டும். பயத்துக்கு ஒரு வேலை கொடுத்த மாதிரியும் ஆயிற்று.

“நுரையீரல்ல ஓட்டை விழுந்துடும்.”

இதில் பாதி உண்மை. நூறு பேருக்கு ஊசி வழியாகத் திசு எடுத்தால், ஏறத்தாழ 20 முதல் 25 பேருக்கு நுரையீரலைச் சுற்றிக் கொஞ்சம் காற்று கசியும். அநேகமாக அது தானாகவே சரியாகிவிடும்; குழாய் போட்டு காற்றை எடுக்க வேண்டிய நிலை சுமார் 5 பேருக்கு வரும். இந்தக் கசிவைக் கண்டுபிடிக்கத்தான் எக்ஸ்ரே எடுத்துச் சில மணி நேரம் படுக்க வைக்கிறார்கள். ஒப்புதல் படிவத்தில் இதெல்லாம் வரிசையாக இருக்கும். அன்று காலை அவசரத்தில் நீட்டும் தாளாக அதை முதன்முதலில் பார்க்க விடாமல், முன்னமே கேட்டு வாங்கிப் படித்துவிடுவது நல்லது.

மாத்திரை விஷயத்தில் வீட்டு வைத்தியம் வேண்டாம். ஸ்டென்ட் வைத்தவர் ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரையைத் தானாகவே நிறுத்துவது, நிறுத்தாமல் சொல்லாமல் போவது, இரண்டுமே ஆபத்து. சீட்டை அப்படியே டாக்டர் முன்னால் வையுங்கள்.

“கூட வந்தவங்க வெளியே உட்கார்ந்திருந்தா போதும்.”

நம் ஊரில் அது நடக்காது. எடுத்த திசுவைப் பல மருத்துவமனைகளில் உங்கள் கையில்தான் கொடுத்து லேபுக்கு அனுப்புவார்கள். நுண்ணோக்கியில் பார்க்கப் போகும் துண்டு ஃபார்மலினில் இருக்கும். டிபி கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு ஃபார்மலின் ஆகாது, கிருமியைக் கொன்றுவிடும்; அதற்குத் தனியாக, சலைனில் வேண்டும். “டிபி டெஸ்டுக்குத் தனியா எடுத்திருக்கா சிஸ்டர்?” என்று கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். புட்டியில் பெயரும் எண்ணும் சரியா என்று பார்த்துவிட்டு நகருங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு ஓரிரு நாள் சளியில் ரத்தக் கீற்று வரலாம். திடீரென்று மூச்சுத் திணறினாலோ, நெஞ்சு வலித்தாலோ, ரத்தம் அதிகமாக வந்தாலோ காலை வரை காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.

ரிப்போர்ட் தாமதமானால் “ஏதோ மறைக்கிறாங்க” என்ற பேச்சு கிளம்பும். திசு ரிப்போர்ட்டுக்குச் சில நாள் போதும், மரபணுச் சோதனை கேட்டிருந்தால் கூடுதலாக ஆகும், டிபி கல்ச்சருக்கு 6 முதல் 8 வாரம்கூட ஆகலாம். சில சமயம் எடுத்த துண்டு போதவில்லை என்று வந்து, மறுபடி எடுக்கச் சொல்வதும் உண்டு. இதையும் முன்னாலேயே அவரிடம் சொல்லி வையுங்கள். இல்லையென்றால் அந்த இரண்டாவது சீட்டைப் பார்த்ததும் எதிர்வீட்டு அக்கா முந்திக்கொள்வார்.