வட்டும் வளைக்கரமும்



சித்தூர்க் கட்டமஞ்சி ஏரிக்கரையில் வளர்ந்தவர்கள் ஓட்டுச்சில்லை நீர்மேல் தத்தவிட்டு விளையாடியிருப்பர். சில்லைத் தட்டையாகப் பிடித்து, ஆள்காட்டி விரலால் சுழற்றிவிட்டால் அது நான்கைந்து முறை துள்ளிச் செல்லும். சுழற்றாமல் எறிந்தாலோ விழுந்த இடத்திலேயே மூழ்கிவிடும். பன்னாட்டுப் போட்டிகளில் மங்கையர் எறியும் வட்டுக்கும் இச்சிறு சில்லுக்கும் அடிப்படை ஒன்றே. அவ்வட்டெறிதலைப் பற்றிச் சிறிது எழுத விழைகின்றேன். பள்ளியில் ஈராண்டு வட்டெறிந்தவள் என்பது என் தகுதி. இடையில் விட்டுவிட்டவள் என்பது என் குறை.

பெண்கள் எறியும் வட்டின் எடை 1 கிலோகிராம்; ஆண்களுடையது 2 கிலோகிராம். எறிபவர் நிற்கும் வட்டத்தின் குறுக்களவு இரண்டரை மீட்டர். இறுதிப் போட்டியில் எல்லார்க்கும் மூன்று வாய்ப்புகள். அவற்றுள் சிறந்து நின்ற எண்மர்க்குப் பொதுவாக மேலும் மூன்று. எறிந்தபின் வட்டு தரையில் விழும்வரை வட்டத்தை விட்டு வெளியேறக் கூடாது. விழுந்தபின்னும் பின்பாதி வழியாகவே வெளியேற வேண்டும். முன்விளிம்பை மிதித்தால் எவ்வளவு தொலைவு எறிந்தாலும் பயனில்லை.

வட்டெறிதல் கைவலிமையால் மட்டும் ஆவது என்று பலர் எண்ணுகின்றனர். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். உண்மை வேறு. வலக்கையாள் ஒருத்தி, எறியும் திசைக்கு முதுகைக் காட்டி நின்று, இடப்பக்கமாக ஏறத்தாழ ஒன்றரைச் சுற்றுச் சுழல்கின்றாள். கால்கள் முதலில் திரும்பும், பின்னர் இடுப்பு, அதன்பின் தோள், எல்லாவற்றுக்கும் கடைசியாகவே கை வரும். தரையிலிருந்து கால் பெற்ற விசை படிப்படியாக மேலேறி விரல்நுனியை அடைகின்றது. கை முந்திவிட்டால் அவ்விசை வீணாகும். வேகம் பத்தில் ஒரு பங்கு கூடினால் தொலைவு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கூடும் என்பது இயற்பியல் கணக்கு. ஆகவே பருத்த தோளைவிடப் பழகிய காலே பெரிது.

இன்னொரு வியப்பும் உண்டு. ஓட்டக்காரருக்கு எதிர்காற்று பகை. வட்டுக்கோ அளவான எதிர்காற்று நண்பன். பட்டத்தைத் தூக்குவதுபோல் அது வட்டைத் தாங்கிப் பிடிக்கும். சுழற்சியோ வட்டு குப்புறக் கவிழாமல் காக்கும்.

1928-இல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில்தான் தடகளப் போட்டிகள் பெண்களுக்கு முதன்முதல் திறந்துவிடப்பட்டன. அவ்வாண்டு வட்டெறிதலில் 39.62 மீட்டர் எறிந்து தங்கம் வென்றவர் போலந்து நாட்டு ஹலினா கொனோபாட்ஸ்கா. அவர் ஒரு கவிஞருங்கூட! 1988-இல் கிழக்கு ஜெர்மனியின் காப்ரியேலே ரைன்ஷ் 76.80 மீட்டர் எறிந்தார். அதுவே இன்றும் உலகச் சாதனை.

நம் நாட்டுக்கு வருவோம். 2010 அக்டோபரில் தில்லியில் நடந்த காமன்வெல்த் விளையாட்டில் கிருஷ்ணா பூனியா 61.51 மீட்டர் எறிந்து தங்கம் வென்றார். ஹர்வந்த் கவுர் வெள்ளியும் சீமா அன்டில் வெண்கலமும் பெற்றனர். மூன்று பதக்கங்களும் இந்தியப் பெண்களுக்கே! 1958-இல் மில்கா சிங் வென்றபின் அவ்விளையாட்டின் தடகளத்தில் இந்தியா பெற்ற முதல் தங்கம் அது. பூனியா அப்போது ஒரு மகனுக்குத் தாய். அவருடைய பயிற்சியாளரோ அவர் கணவரே. மணமானால் மைதானம் முடிந்தது என்பார்க்கு இதைவிட வேறு விடை வேண்டுமோ?

2021 ஆகஸ்ட் 2 அன்று டோக்கியோ ஒலிம்பிக் இறுதிப் போட்டியை எங்கள் வீட்டில் அனைவரும் தொலைக்காட்சியில் கண்டோம். இடையில் மழை வந்து ஆட்டம் தடைப்பட்டது. பஞ்சாபின் கமல்பிரீத் கவுர் 63.70 மீட்டர் எறிந்து ஆறாம் இடம் பெற்றார். "நம்ம பொண்ணும் இப்படித்தானே எறியுறா!" என்று பாட்டி பூரித்துப்போனார். மறு ஆண்டே ஊக்கமருந்துக் குற்றத்திற்காகக் கமல்பிரீத் தடைசெய்யப்பட்டார். உடனே உறவினர் வாய் திறந்தது. "பார்த்தாயா? மருந்து தின்றால்தான் இதெல்லாம். தோள் பருத்த பெண்ணை யார் கட்டுவான்?" என்றனர். அவர்களுக்கு விடை சொல்லும் அறிவு எனக்கு அன்று இல்லை. மறுநாள் முதல் நான் மைதானத்துக்குப் போகவில்லை.

இன்று விடை தெரியும். ஒருவர் செய்த குற்றம் விளையாட்டின் குற்றமாகாது. 2012 இலண்டன் ஒலிம்பிக்கில் பூனியா முதலில் ஏழாம் இடமே பெற்றார். வெள்ளி பெற்ற ரஷ்ய வீராங்கனை ஊக்கமருந்துக் குற்றத்தால் பின்னர் நீக்கப்பட்டதால் அவர் ஆறாம் இடத்துக்கு உயர்ந்தார். ஆகவே குற்றத்தைக் கண்டுபிடித்து நீக்குவது நேர்மையாக எறிபவர்க்குக் காவலேயன்றிக் களங்கமன்று.

சென்ற விடுமுறையில் திருப்பதியிலிருந்து சித்தூர் சென்றிருந்தேன். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் தங்கை தன் பள்ளியில் வட்டெறியத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தாள். "வேண்டாம்மா, அக்காவே விட்டுட்டாளே" என்றார் அப்பா. அச்சொல் என்னைச் சுட்டது. நான் விட்டது அவளுக்குத் தடையாகிவிட்டதே! ஏரிக்கரைக்கு அவளை அழைத்துச் சென்று, ஓட்டுச்சில்லைக் கையில் கொடுத்துச் சுழற்சியின் பாடத்தைச் சொன்னேன். இரவு அப்பாவிடம், "நான் விட்டது அச்சத்தால், அப்பா. வட்டு விழுமுன் வெளியேறிவிட்டேன். அவள் வெளியேற வேண்டாம்" என்றேன். அப்பா நெடுநேரம் பேசவில்லை. "சாயங்காலம் யார் கூட்டிட்டுப் போறது?" என்று மட்டும் கேட்டார். "விடுமுறை முடியும்வரை நான், பிறகு நீங்கள்" என்றேன். இப்போது அவர்தான் அழைத்துச் செல்கின்றார்.

தோழியரே! ஏழுமலையின் அடிவாரத்தில், நம் பல்கலைக்கழக மைதானத்தில் மாலைக் காற்று நன்றாகவே வீசுகின்றது. அது எதிர்காற்றாயிருப்பின் அஞ்ச வேண்டா. வட்டு உயர்வது அதில்தான். நானும் மீண்டும் அங்கு வருகின்றேன், நீங்களும் வாருங்கள்.