பசித்த வயிறும் பாடநூலும்

அமெரிக்க ஐக்கிய நாடுகள் என்றதும் செல்வ வளமே நம் நினைவில் எழுகின்றது. தன் தேவைக்கு மேல் தானியம் விளைத்து ஏற்றுமதி செய்யும் அந்நாட்டில், கல்லூரி மாணவர் பசியோடு வகுப்பில் அமர்கின்றனர் எனின் நம்புவோர் சிலரே. எனினும் அஃது உண்மை.

அங்குச் சமுதாயக் கல்லூரிகள் என்று ஒருவகைக் கல்லூரிகள் உள. 1901இல் இல்லினாய் மாநிலத்து ஜோலியட் நகரில் தொடங்கப்பெற்றது அவற்றுள் பழமையானது. ஈராண்டுப் படிப்பு, கட்டணமும் குறைவு. உழைத்துக்கொண்டே பயில்வோரும், குழந்தையுடைய தாய்மாரும், தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி காண்போரும் இங்கு மிகுதி. விடுதியும் உணவுக்கூடமும் பெரும்பாலும் இல்லை.

1946ஆம் ஆண்டுச் சட்டத்தால் அந்நாட்டுப் பள்ளிகளில் மதிய உணவுத் திட்டம் நிலைபெற்றது. ஏழைப் பிள்ளைகளுக்கு அது விலையின்றியோ குறைந்த விலையிலோ கிடைக்கின்றது. பள்ளிப் படிப்பு முடிந்ததும் அத்தட்டு அகற்றப்படுகிறது. வீட்டு வருவாயோ முன்போலவே இருக்கிறது!

பசியை அளப்பது எங்ஙனம்? பணமின்மையால் உணவின் அளவைக் குறைத்ததுண்டா, ஒரு வேளை உண்ணாதிருந்ததுண்டா என்பன போன்ற பத்து வினாக்களை அந்நாட்டு வேளாண்மைத் துறை வகுத்துள்ளது. மூன்றுக்கு 'ஆம்' என்போர் உணவு உறுதியற்றோர் எனப்படுவர். இம்முறையைத் தழுவி 24 மாநிலங்களின் 70 சமுதாயக் கல்லூரிகளில் நடத்திய ஆய்வொன்று 2017இல் வெளிவந்தது. விடையளித்த 33,000க்கும் மேற்பட்டோருள் மூவரில் இருவர் அந்நிலையினர். விரும்பியோர் மட்டுமே விடையளித்தமையால் இவ்விகிதம் சற்று மிகைபட்டிருக்கலாம். 2020ஆம் ஆண்டுக்குரிய நாடளாவிய அரசுக் கணக்கு, எல்லாவகைக் கல்லூரிகளின் இளநிலை மாணவருள் 23 விழுக்காட்டினர் என்கிறது. அதுவும் சிறு தொகையன்று.

'ஸ்நாப்' எனும் அரசின் உணவு உதவி இவர்களுக்கு இல்லையா என வினவலாம். இங்குதான் சிக்கல். பாதி நேரமோ அதற்கு மேலோ பயிலும், 18 முதல் 49 வயதுக்குட்பட்ட மாணவருக்கு அவ்வுதவி இல்லையென்பதே பொதுவிதி. பெற்றோர் காப்பர் என்னும் எண்ணத்தில் எழுந்த விதி இது. தாமே பெற்றோராயிருக்கும் மாணவரை அது எண்ணவில்லை போலும். சிறு குழந்தையைப் பேணுவோர், வாரம் 20 மணி நேரம் வேலை செய்வோர் முதலிய சிலர்க்கு விலக்கு உண்டு. வேறு விலக்கின்றி 18 மணி நேரம் உழைத்துவிட்டு நூலகத்திற்கு ஓடும் மாணவனுக்கு ஒன்றுமில்லை. உதவி பெறப் படிப்பு நேரத்தைக் குறைக்க வேண்டுமென்பது எவ்வகை நீதி என நமக்கு விளங்கவில்லை. பெருந்தொற்றுக் காலத்தில் 2021இல் தளர்த்திய இவ்விதி 2023இல் மீண்டும் இறுகியது.

தகுதியிருந்தும் பெறாதோர் பலர். 2016ஆம் ஆண்டுக் கணக்கை ஆராய்ந்த அரசுத் தணிக்கை அலுவலகம், தகுதி பெறக்கூடிய 33 இலட்சம் மாணவருள் பாதிக்கும் மேற்பட்டோர் அவ்வுதவியைப் பெறவில்லை என 2018இல் கூறிற்று. விலக்குகளின் நுட்பம் கல்லூரி அலுவலர் பலருக்கே தெரியாதபோது மாணவர் அறிவது எங்ஙனம்?

ஆகவே கல்லூரிகளே உணவறைகளைத் திறந்துள்ளன. 1993இல் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழக மாணவர் தொடங்கியது இதற்கு முன்னோடி. சமுதாயக் கல்லூரிகள் பலவற்றிலும் இன்று உணவறை உண்டு. நன்கொடையாய் வந்த டப்பா அவரையும் ரொட்டியும் அங்கே கிடைக்கும். தோழர் கண்ணிற் படாமல் அவற்றைப் பையிலிட்டுச் செல்வோரும் உளர். பகலெல்லாம் உழைத்து மாலை வகுப்புக்கு வருவோர்தாம் பெரும்பாலும் உணவு தேவைப்படுவோர். அவர்கள் வந்துசேரும் வேளையில் சில இடங்களில் அவ்வறையின் கதவு பூட்டியிருக்கும்.