ஹைடெக் வகுப்பறை: ஆசிரியருக்கும் பெற்றோருக்கும் 16 குறிப்புகள்

கேரளாவில் எட்டாம் வகுப்பு தாண்டிய பிள்ளையின் வகுப்பறையில் புரொஜெக்டரும் லேப்டாப்பும் இருப்பது இப்போது அதிசயமில்லை. 2018 ஜனவரியில் தொடங்கிய ஹைடெக் பள்ளித் திட்டத்தில் 4,752 அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளின் 45,000 வகுப்பறைகளுக்கு இவை வந்து சேர்ந்தன. நடத்துவது 'கைட்' என்ற அரசு நிறுவனம். 2001இல் தொடங்கிய 'ஐ.டி. அட் ஸ்கூல்' திட்டம்தான் 2017இல் இந்தப் பெயருக்கு மாறியது. கருவிக்குக் குறைவில்லை. அதை வைத்துப் பாடம் நடத்துவதிலும், வீட்டில் அதற்குத் துணை நிற்பதிலும்தான் பலர் தடுமாறுகிறார்கள். எறணாகுளம் மாவட்டத்தின் ஆலுவா, ஏலூர், எடையாறு பக்கம் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் தமிழ்க் குடும்பங்களை மனதில் வைத்து எழுதியவை இவை. தமிழ்நாட்டு ஆசிரியர்களுக்கும் பெரும்பாலானவை பொருந்தும்.

1. வீட்டுக் கணினியில் எந்த மென்பொருள் இருக்க வேண்டும் என்று கேட்டால் ஒரே பதில்தான்: பள்ளியில் எது இருக்கிறதோ அது. கேரளப் பள்ளிகளில் ஓடுவது உபுண்டு அடிப்படையில் கைட் உருவாக்கித் தரும் இயங்குதளம். லிப்ரே ஆஃபீஸ், ஜியோஜீப்ரா, இங்க்ஸ்கேப், ஜிம்ப், ஸ்கிராட்ச், பைத்தான் எல்லாம் அதிலேயே வந்துவிடும். பெரும்பாலானவை கட்டற்ற மென்பொருள், எதற்கும் காசு கிடையாது. காசு கொடுத்து வேறொன்றை வாங்கி வைத்தால், பள்ளியில் படித்த மெனு வீட்டில் இருக்காது. பழகியதைத் திரும்பச் செய்து பார்க்க முடியாமல் பிள்ளை விழிக்கும். கேரளா இத்தனை ஆண்டுகளாகச் செய்ததில் ஆகச் சிறந்த முடிவு கட்டற்ற மென்பொருளைப் பிடித்துக்கொண்டதுதான் என்பது என் கருத்து. ஏழை வீட்டுப் பழைய கணினிக்கும் பள்ளிக் கணினிக்கும் வித்தியாசம் இல்லாமல் செய்தது அதுதான்.

2. அந்த இயங்குதளத்தை நிறுவுவதற்கு முன் பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பாருங்கள். 16 ஜிபி பென் டிரைவ் போதும். இறக்கிய கோப்பை எச்சர் அல்லது ரூஃபஸ் மூலம் அதில் ஏற்றி, கணினியை அதிலிருந்து தொடங்கினால், உள்ளே இருக்கும் விண்டோஸைத் தொடாமலே எல்லாம் வேலை செய்கிறதா என்று பார்த்துவிடலாம். வைஃபை, ஒலி இரண்டையும் கட்டாயம் சோதியுங்கள். நிறுவும்போது 'டிஸ்க்கை அழி' என்று வரும் தேர்வைக் கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினால் கல்யாண ஆல்பம் வரை போய்விடும். முதலில் படங்களைப் பிரதி எடுங்கள்.

3. வீட்டில் கணினியே இல்லையா? ஜியோஜீப்ரா சாதாரண ஆண்ட்ராய்டு போனிலும் ஓடும். ஒருமுறை நிறுவிவிட்டால் நெட் தேவையில்லை.

4. கணித ஆசிரியர்களுக்கு: ஜியோஜீப்ராவில் படத்தை வரைந்து காட்டுவதோடு நிறுத்தாதீர்கள். இழுக்கும் முன் கேளுங்கள், பிறகு இழுங்கள். ஒரு வட்டம், அதற்கு ஏபி என்ற விட்டம், வட்டத்தின் மேல் சி என்ற புள்ளி. சி-யில் உண்டாகும் கோணம் எத்தனை? பிள்ளைகளை நோட்டில் எழுதச் சொல்லுங்கள். பிறகு சி-யை வட்டத்தின் மேலேயே நகர்த்தினால் 90 டிகிரி அசையாமல் நிற்கும். அடுத்து, வட்டத்தோடு ஒட்டாத ஒரு தனிப் புள்ளியை வைத்து அதை உள்ளே கொண்டு போங்கள்: 90-ஐத் தாண்டும். வெளியே கொண்டு வந்தால் 90-க்குக் கீழே இறங்கும். இந்த மூன்றையும் கண்ணால் பார்த்த பிள்ளைக்குத் தேற்றத்தின் நிரூபணம் பிறகு சுமையாக இருக்காது.

இதில் ஒரு வில்லங்கம் உண்டு. சி விட்டத்தின் மறுபக்கம் போனதும், "டீச்சர், இது 270 காட்டுது!" என்று பின் பெஞ்சிலிருந்து குரல் வரும். மென்பொருள் கெட்டுப்போகவில்லை. ஜியோஜீப்ரா கோணத்தை இடஞ்சுழியாக அளக்கிறது. புள்ளிகளைத் தொட்ட வரிசையைப் பொறுத்து உள்கோணமோ பின்வளை கோணமோ வரும். கோணத்தின் பண்புகளில் போய் 0 முதல் 180 வரை என்று மாற்றிவிடலாம். மாற்றுவதற்கு முன் அந்த 270 எங்கிருந்து வந்தது என்று வகுப்பையே கண்டுபிடிக்க விடுங்கள். அன்றைய பாடத்தில் பிள்ளைகள் மறக்காதது அதுவாகத்தான் இருக்கும்.

5. இயற்பியலுக்குக் கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் செயல்விளக்கங்கள் இலவசம். மின்சுற்று அமைக்கும் ஒன்று மட்டும் ஒரு பருவத்துக்குப் போதும். ஒவ்வொன்றும் தனித்தனிக் கோப்பாக இறங்கும். முன்தினமே இறக்கி வைத்துக்கொண்டால் வகுப்பு நேரத்தில் நெட் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம்.

6. புரொஜெக்டரில் காட்டப்போவதை ஒருமுறை கடைசி பெஞ்சில் உட்கார்ந்து படித்துப் பாருங்கள். படிக்க முடியவில்லையென்றால் எழுத்தைப் பெரிதாக்குங்கள். ஒரு திரைக்கு ஆறேழு வரிக்கு மேல் வேண்டாம். கரும்பின்னணியில் நிற எழுத்து வீட்டில் அழகாக இருக்கும், ஜன்னல் வெளிச்சம் விழும் வகுப்பில் ஒன்றும் தெரியாது. வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்தே உத்தமம்.

7. போர்டை முழுக்கத் திரையாக்கிவிடாதீர்கள். பாதி திரைக்கு, பாதி எழுதுவதற்கு. கணக்கின் படிகள் கையால் எழுதப்படும்போதுதான் பிள்ளையின் கை அதைப் பின்தொடரும். திரையில் அடுத்த பக்கம் வந்ததும் முந்தையது காணாமல் போய்விடுகிறது. போர்டில் எழுதியது மணி அடிக்கும் வரை நிற்கும்.

8. வீடியோவை முழுதாக ஓட விட்டுவிட்டு ஓரமாக நிற்பது பாடம் அல்ல. கொரோனா காலத்தில், 2020 ஜூன் 1 அன்று, கைட் விக்டர்ஸ் சேனலில் 'ஃபர்ஸ்ட் பெல்' வகுப்புகள் தொடங்கின. டிவி இல்லாத பிள்ளைகளுக்காக நூலகங்களிலும் அங்கன்வாடிகளிலும் ஏற்பாடு செய்தார்கள். ஒளிபரப்பு ஓடியதும் வேலை முடிந்துவிட்டது என்று அங்கே யாரும் இருக்கவில்லை. சொந்தப் பள்ளி ஆசிரியர் போனில் கூப்பிட்டுக் கேட்டதும், வாட்ஸ்அப்பில் நோட்டைத் திருத்தியதும்தான் அதை வகுப்பாக்கியது. இன்றும் அதே கணக்குத்தான்: மூன்று நிமிடம் ஓட்டுங்கள், நிறுத்துங்கள், ஒரு கேள்வி கேளுங்கள்.

9. ஆலுவாவில் ஈரம் பொல்லாதது. ஜூனிலிருந்து புரொஜெக்டரைப் பூட்டி வைத்தால் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். விடுமுறையிலும் வாரம் ஒருமுறை அரைமணி நேரம் ஓட்டுங்கள். லேப்டாப் அலமாரியில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள். புரொஜெக்டரை அணைத்ததும் உள்ளே விசிறி சிறிது நேரம் ஓடும். அது நிற்கும் முன் பிளக்கைப் பிடுங்கினால் விளக்கின் ஆயுள் குறையும். தூசி வடிகட்டியை மாதம் ஒருமுறை தட்டிச் சுத்தம் செய்தால் போதும்.

10. பெரியாற்றங்கரைப் பள்ளிகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் ஆலுவா மூழ்கியதை அங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். கணினி லேப் தரைத்தளத்தில் இருந்தால், மழைக்காலத்துக்கு முன்பே லேப்டாப்புகளை மாடிக்கு மாற்றுங்கள். எந்த அறைக்கு, சாவி யாரிடம் என்பதை எழுதி அலுவலகச் சுவரில் ஒட்டுங்கள். கருவிகளின் சீரியல் எண்களைப் போனில் படம் எடுத்து வையுங்கள். பழுதுக்குப் புகார் கொடுக்கும்போது முதலில் கேட்பது அதைத்தான்.

11. ஐப்பசி, கார்த்திகையில் அங்கே பிற்பகல் இடி பலமாக இருக்கும். வானம் கறுத்தால் மின் பிளக்கை மட்டும் எடுத்தால் போதாது. நெட் கேபிளையும் கழற்றுங்கள். மின்னல் அந்த வழியாகவும் வரும்.

12. தமிழில் வினாத்தாள் அடிப்பவர்கள் பழைய எழுத்துருக்களைக் கைவிட வேண்டிய நேரம் எப்போதோ வந்துவிட்டது. உங்கள் கணினியில் 'அரையாண்டுத் தேர்வு' என்று தெரிவது இன்னொரு கணினியில் கிறுக்கலாக வரும். யூனிகோடில் அடியுங்கள், தமிழ் 99 விசைப்பலகை ஒரு வாரத்தில் கைக்குப் பழகிவிடும். அனுப்புவதற்கு முன் பிடிஎஃப் ஆக்குங்கள்.

13. வகுப்பில் வேறு மொழிப் பிள்ளைகள் இருந்தால், திரையில் படத்துக்குக் கீழே கலைச்சொல்லை இரு மொழியில் போடுங்கள்: மலையாளம் ஒன்று, அவர்கள் மொழி ஒன்று. எறணாகுளம் மாவட்டத்தில் வெளிமாநிலத் தொழிலாளர் பிள்ளைகளுக்காக 2017இல் தொடங்கிய 'ரோஷ்னி' திட்டம் காட்டிய வழி இதுதான்: தாய்மொழியைப் பிடித்துக்கொண்டு மலையாளத்துக்கு வருவது. பெற்றோருக்கு: கேரளப் பாடநூல்கள் தமிழ் வழியிலும் அச்சாகின்றன. பிள்ளை மலையாள வழியிலோ ஆங்கில வழியிலோ படித்தாலும், அறிவியல் பாடத்தின் தமிழ்ப் பிடிஎஃப் கையில் இருந்தால் அம்மா உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க முடியும். தமிழ்நாட்டுப் பாடநூலில் உள்ள க்யூஆர் குறியீட்டை எந்த ஊரிலிருந்தும் போனில் திறக்கலாம்.

14. பள்ளியில் 'லிட்டில் கைட்ஸ்' மன்றம் இருந்தால் எட்டாம் வகுப்பிலேயே விசாரியுங்கள். அப்போதுதான் நுழைவுத் தேர்வு வைத்துச் சேர்க்கிறார்கள். அனிமேஷன், நிரல் எழுதுதல், மின்னணுவியல், மலையாளக் கணினி எல்லாம் கற்றுத் தருகிறார்கள். புரொஜெக்டர் இணைப்பு ஆடுகிறதென்றால் ஆசிரியர் மெக்கானிக்கைத் தேட வேண்டாம், இந்தப் பிள்ளைகளே பார்த்துவிடுவார்கள். 2022இல் தாய்மார்களுக்கு இணையப் பாதுகாப்பு வகுப்பு நடந்தபோதும் இந்த மாணவர்கள் பாடம் எடுத்தார்கள். பிள்ளை வந்து ரோபாட்டிக்ஸ் என்றதும் ஆயிரக்கணக்கில் 'கிட்' வாங்க ஓடாதீர்கள். ஒரு பிரெட்போர்டு, சில எல்இடி, 220 ஓம் ரெசிஸ்டர்கள், ஓர் அர்டுயினோ போதும். எல்இடியின் நீளமான கால் பாசிட்டிவ் பக்கம். ரெசிஸ்டர் இல்லாமல் இணைத்தால் எரிந்துபோகும்.

15. வீட்டுப்பாடத்தை ஏஐ எழுதித் தந்துவிடுகிறதே என்று புலம்புவதை விட, கேள்வியை மாற்றுங்கள். "பெரியாறு பற்றிக் கட்டுரை எழுதுக" என்றால் அது நொடியில் எழுதும். "உன் தெருவில் குடிநீர் எத்தனை மணிக்கு வருகிறது, ஒரு வாரம் குறித்து வரைபடம் போடு" என்றால் பிள்ளைதான் குழாயடியில் நிற்க வேண்டும். ஏஐ தந்த பதிலையே அச்செடுத்துக் கொடுத்து, அதில் உள்ள பிழைகளைச் சிவப்பு மையால் வட்டமிடச் சொல்வதும் நல்ல பயிற்சி.

16. வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் அட்மின் மட்டும் பதிவிடும்படி வையுங்கள்; இரவு எட்டுக்கு மேல் வீட்டுப்பாடம் அனுப்பாதீர்கள். மதிப்பெண் பட்டியலைக் குழுவில் போடவே கூடாது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 வயது நிறையாதவர் குழந்தை. குழந்தையின் தகவலைத் திரட்டப் பொதுவாகப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்கிறது அது. புதிய செயலியில் பிள்ளையின் பெயர், பிறந்த தேதி கேட்டால் ஏன் என்று பள்ளியிடம் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. பணம் பறிபோனாலோ இணைய மோசடி என்றாலோ 1930. பிள்ளையை யாராவது மிரட்டினால் 1098. இந்த இரண்டு எண்களையும் இன்றே பிள்ளையின் நோட்டு அட்டையில் எழுதி வையுங்கள்.