வெளுத்துப்போன பில்

குழித்துறையில் கோர்ட் இருக்கிறது. ஆகவே எந்த வழக்கும் இங்கேயே நடக்கும் என்று நினைத்து வருகிறவர்கள் பலர். நுகர்வோர் வழக்குக்கு நாகர்கோவிலிலுள்ள மாவட்ட ஆணையத்துக்குத்தான் போகவேண்டும். நுகர்வோர் சங்கத்தில் தொண்டு செய்யச் சேர்ந்த புதிதில் நான் அதிகம் சொன்ன பதில் இதுதான்.

ஒரு அக்காவை என்னால் மறக்க முடியவில்லை. ஓணத்துக்குத் திருவனந்தபுரத்தில் வாங்கிய பிரிட்ஜ் மூன்றாம் மாதமே குளிரவில்லை. மெக்கானிக் நாலு தடவை வந்து போனார். கடைக்குப் போன் செய்தால், "அடுத்த வாரம் மாத்தித் தாறோம்" என்பார்கள். அவரும் நம்பினார். எங்களிடம் வந்தபோது அவர் கையில் இருந்தது வெறும் வெள்ளைத் தாள். சூட்டில் அச்சாகும் பில் அது, எழுத்தெல்லாம் மறைந்துவிட்டது. "எனக்க பைசா போச்சே சாரே" என்றார்.

பில்லைவிடப் பெரிய சிக்கல் தேதி. வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் புகார் கொடுக்கவேண்டும். அவருக்கு அதற்கு மேல் ஐந்து மாதம் ஆகியிருந்தது. போதிய காரணம் காட்டினால் ஆணையம் தாமதத்தைப் பொறுக்கலாம் என்பதால் அதற்கும் ஒரு மனு எழுதினோம். கடைக்காரர் தவணை சொன்னதைக் காட்ட ஒரு துண்டுச்சீட்டுகூட இல்லை. மனு ஏற்கப்படவில்லை. அன்று அவரோடு பஸ்ஸில் திரும்பி வந்தபோது எனக்குப் பேச்சே வரவில்லை.

அதற்குப் பிறகு யார் வந்தாலும் முதலில் ஒரு வேலை சொல்கிறேன்: பில்லையும் வாரண்டி அட்டையையும் வாங்கிய அன்றே போனில் படம் பிடியுங்கள். மெக்கானிக் வந்தால் என்ன பழுது என்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்து வாங்குங்கள். போனில் பேசியதை அன்றே வாட்ஸ்அப்பிலோ கடிதத்திலோ கடைக்கு எழுதி அனுப்புங்கள்.

ஓர் ஆட்டோ ஓட்டுநர் அப்படியே செய்திருந்தார். பேட்டரி அடிக்கடி நின்றது. ஒவ்வொரு சர்வீஸ் சீட்டையும் பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்திருந்தார். 'தொழிலுக்கு வாங்கிய வண்டியாச்சே' என்று அவருக்குச் சந்தேகம். தன் பிழைப்புக்காகச் சொந்தமாக ஓட்டுகிறவரும் நுகர்வோர்தான். 15 நாள் அவகாசம் கொடுத்து ஸ்பீடு போஸ்ட்டில் நோட்டீஸ் அனுப்பினோம். பத்தாம் நாள் புது பேட்டரி வந்தது, வழக்கே தேவைப்படவில்லை.

நம் பக்கத்து ஆட்கள் ஆஸ்பத்திரிக்கும் கடைக்கும் திருவனந்தபுரம் போகிறவர்கள். பழைய 1986 சட்டப்படி எதிர்த்தரப்பு இருக்கும் இடத்திலோ பிரச்சினை எழுந்த இடத்திலோதான் வழக்குப் போட முடிந்தது. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019 சட்டத்தில், நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. வழக்குப் போடும் முன், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லிப் பாருங்கள். சில புகார்கள் அங்கேயே தீர்ந்துவிடும். ஆனால் அங்கே சொன்னதால் 2 ஆண்டுக் கணக்கு நிற்காது.

உங்கள் அலமாரியில் கிடக்கும் பில்களை இன்றிரவே எடுத்துப் பாருங்கள். எழுத்து தெரியும்போதே படம் பிடித்துவிடுங்கள்.